பெற்றோரிடம் பட்டன் போன் இருக்கிறதா? பேலன்ஸை ஒரு முறை பாருங்கள்

நம் நாட்டில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் வருகிற மெசேஜுக்கும் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே ரோமிங்கில் இருந்தால்கூட அது இலவசம்தான். அதனால் என்ன குப்பை வந்தாலும் 'வந்துட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடுகிறோம். இந்த நம்பிக்கையை வைத்தே என் அம்மாவின் போனிலிருந்து மாதக்கணக்கில் காசு எடுத்திருக்கிறார்கள்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கையில் பட்டன் போன். அன்லிமிடெட் பேக் எல்லாம் கிடையாது. டாப்-அப் போட்டு, பேசப் பேசக் காசு குறைகிற கணக்கு. "போட்ட காசு நிக்கவே மாட்டேங்குதுப்பா" என்று அடிக்கடி சொல்வார். சித்தியோடு அதிகம் பேசுகிறார் போல என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ரீசார்ஜ் கடைத் தம்பியும் அதையே சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டார். எனக்குக்கூட மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். காசு போனதைவிட எனக்கு ஆத்திரம் வருவது இதை நினைக்கும்போதுதான்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது போனை வாங்கிப் பார்த்தேன். மேசையில் சும்மா கிடந்த போன் திடீரென்று மினுங்கியது. திரை முழுக்க ஒரு ஆங்கில மெசேஜ். இது இன்பாக்ஸுக்கு வருகிற எஸ்எம்எஸ் அல்ல, சிம்மிலிருந்தே திரையில் குதிக்கிற பாப்-அப். கிரிக்கெட் ஸ்கோர் வேண்டுமா என்று பெரிதாகவும், நாளுக்கு எவ்வளவு என்பதைக் கடைசி வரியிலும் போட்டிருந்தது. அந்த வரியைப் படிக்கவே கீழே நகர்த்த வேண்டும். திரையின் இடது மூலையில் 'ஓகே', வலது மூலையில் 'கேன்சல்'.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பல பட்டன் போன்களில் கீபேட் லாக்கை எடுக்க முதலில் இடது பட்டனை அழுத்தி, பிறகு ஸ்டாரை அழுத்த வேண்டும். அம்மாவின் போனும் அப்படித்தான். போன் மினுங்கினால் அம்மாவின் கட்டைவிரல் தானாக இடது பட்டனுக்குப் போய்விடும். அங்கே நிற்பது 'ஓகே'. அதை அழுத்தியதும் 'உறுதி செய்கிறீர்களா' என்று இன்னொரு பாப்-அப் வருகிறது. அதிலும் இடது பக்கம் 'ஓகே'. திரை இன்னும் மறையவில்லையே என்று மறுபடி அழுத்துவார். சேவை ஆக்டிவேட் ஆகிவிடும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர், போனைத் திறக்க அழுத்திய பட்டன்தான் கம்பெனியின் கணக்கில் 'வாடிக்கையாளர் சம்மதம்'.

ஆக்டிவேட் ஆனதற்கு மெசேஜ் அனுப்பவில்லையா என்று கேட்கலாம். அனுப்பியிருந்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். விளம்பரங்களுக்கு நடுவே அது எங்கோ கிடந்தது. சிறிய போன்களில் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டால் அடுத்த மெசேஜ் உள்ளே வருவதே இல்லை என்பது வேறு.

கஸ்டமர் கேரில் ஒரு மனிதக் குரலைப் பிடிப்பதற்கே பெரும்பாடு. கிடைத்ததும் அம்மாவின் எண்ணில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். கிரிக்கெட் ஸ்கோர், ஜோசியம், காலர் ட்யூன் என்று வரிசையாகச் சொன்னார்கள். கிரிக்கெட் பக்கமே போகாத அம்மாவுக்கு ஸ்கோர். "நீங்கதான் சார் ரெண்டு தடவை கன்ஃபர்ம் பண்ணியிருக்கீங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியாகச் சம்மதம் வாங்கினீர்கள் என்று கேட்ட பிறகுதான் பேச்சு மாறியது. கடைசியாகப் பிடித்த தொகையை மட்டும் திருப்பிப் போட்டார்கள். பழையதற்கு "சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லை" என்றார்கள்.

விதி இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013 ஜூலையில் இதற்கென்றே உத்தரவு போட்டது. கிரிக்கெட் ஸ்கோர், காலர் ட்யூன் மாதிரி தனிக் காசு பிடிக்கிற மதிப்புக்கூட்டு சேவை எதுவாக இருந்தாலும் வாடிக்கையாளர் இரண்டு முறை தெளிவாகச் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும், பிடித்த காசைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும், நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே இலவச எண் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இரண்டு முறை கேட்கச் சொன்னது மக்களைக் காப்பாற்றத்தான். அந்த இரண்டு கேள்விக்கும் பதிலை ஒரே பட்டனில், ஒரே விரலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டால் விதி காகிதத்தில்தான் இருக்கும். இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களின் போனை வாங்கி, முதல் வேலையாக 155223க்கு அதிலிருந்தே அழைத்து, ஓடுகிற சேவைகளைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காசு பிடித்தது தெரிந்த உடனே அழைப்பது முக்கியம். தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தைத் திரும்ப வாங்குவது சுலபம், நாள் கடந்தால் இழுத்தடிப்பார்கள். அப்புறம் போன் மெனுவில் சிம்மின் பெயரிலேயே ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலான சிம்களில் இந்தப் பாப்-அப்களை அங்கேயே அணைத்துவிடலாம். அம்மாவின் போனில் இதைச் செய்த பிறகு திரை தானாக மினுங்குவது நின்றுவிட்டது.

1909க்கு மெசேஜ் அனுப்பி டிஎன்டி போட்டாயிற்றே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அது விளம்பர அழைப்புகளையும் மெசேஜ்களையும் தடுக்கத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையை அது நிறுத்தாது, காசு போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

கஸ்டமர் கேரில் பேசினால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தருவதற்கு மழுப்புவார்கள், விடாதீர்கள். அந்த எண் இருந்தால்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக முடியும். அதற்குக் கட்டணம் கிடையாது. எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? ப்ரீபெய்ட் எண்ணாக இருந்தாலும் விவரமான பில் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. 2012ஆம் ஆண்டு விதிப்படி அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கடைக்காரர்களுக்கே இது தெரிவதில்லை, அதனால் எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதியலாம்.

அம்மாவின் எண்ணுக்கு அந்தப் பில்லைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வந்ததும் பழைய தொகை முழுவதற்கும் மேல்முறையீடு போடப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால், எந்தச் சேவை, எப்படி நிறுத்தினீர்கள், பணம் திரும்பி வந்ததா என்று எழுதுங்கள். நிறுத்த வழி தெரியாமல் இருப்பவர்களுக்கு அது உதவும்.