14,500 ரூபாய் போயிற்று: ஆன்லைனில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திங்கட்கிழமை ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு வந்தது. ஸ்பீக்கிங் 5.5. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில் கேட்பது 7. லிசனிங், ரீடிங் இரண்டிலும் 7 வாங்கிவிட்டேன். ரைட்டிங்கில் 6.5 போதும், அதுவும் வந்துவிட்டது. பேச்சில்தான் விழுந்தேன். அந்தப் பேச்சுக்குத்தான் தனியாக 14,500 ரூபாய் கட்டியிருந்தேன். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. எப்படிப் பணம் கட்டக் கூடாது என்பதையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செயலி மூலம் வகுப்பு நடத்தும் ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனம் அது. "7 பேண்ட் உறுதி, இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்" என்பது விளம்பரம். பேண்ட் என்றால் இந்தத் தேர்வின் மதிப்பெண். என் எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தாள். தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கிறேன் என்றதும் குரலே குழைந்தது. "எங்கள் அம்மாவும் நர்ஸ்தான் அக்கா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்றே இலவச மாதிரி வகுப்பு. ஆசிரியர் சைக்கிளைப் பற்றிக் கேட்டார். தட்டுத்தடுமாறி உள்ளதைச் சொன்னேன். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர், செயின் கழன்றால் வேப்பங்குச்சியால் நெம்பி மாட்டுவது, கிரீஸ் சுடிதாரில் பட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவது. அவர் ஆசையாகக் கேட்டார். இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் காலத்தைத் திருத்தினார். "தினமும் இப்படிப் பேசினால் போதும்" என்றார். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நம்பினேன். அன்று இரவு வார்டில் ஊசி மருந்தெல்லாம் முடித்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு, கேஸ் ஷீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில் 14,500 ரூபாயை அனுப்பினேன். வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக இரண்டு மாதத்தில் எனக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

அந்த ஆசிரியரை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை.

வந்தது ஒரு பிடிஎஃப். 'தேர்வில் வரும் கேள்விகள்' என்று தலைப்பு. சைக்கிளுக்கு மட்டும் எட்டுக் கேள்வி, எட்டு விடை. வார இறுதியில் நண்பர்களுடன் பூங்காவின் சைக்கிள் பாதையில் போவேனாம், அது சுற்றுச்சூழலுக்கு உகந்ததாம். எங்கள் ஊரில் பூங்காவும் இல்லை, பாதையும் இல்லை. என் சைக்கிளைப் பற்றியே பேசலாமா என்று கேட்டேன். "பெரிய வார்த்தைக்குத்தான் மார்க், அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. விடையைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் ஆசிரியர் திருத்துவார் என்றார்கள். எதை அனுப்பினாலும் "மிக நன்று, உச்சரிப்பில் கவனம், 7 பேண்ட்" என்ற ஒரே வரிதான். ஒருநாள் வாயைத் திறக்கும் முன்பே கைதவறி அனுப்பிவிட்டேன். நாற்பது நொடி மின்விசிறிச் சத்தம் மட்டும். அதற்கும் அதே 7 பேண்ட்! தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. என்ன செய்ய முடியும்?

தேர்வில் முதல் பகுதியிலேயே சைக்கிள் வந்தது. சிறுவயதில் ஓட்டியதுண்டா என்றார் தேர்வாளர். மனப்பாடம் செய்த பூங்கா விடையை ஒப்பிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அது பிடிஎஃபில் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒப்பிப்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியே உண்டு என்று இப்போதுதான் படிக்கிறேன். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்கையும்தான் எடைபோடுகிறார்கள். என் வேப்பங்குச்சியை நானே சொல்லியிருந்தால் தடங்கலில்லாமல் பேசியிருப்பேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திங்கள்: "ரீஃபண்ட் குழு அழைக்கும்." யாரும் அழைக்கவில்லை. செவ்வாய்: உறுதி ஒட்டுமொத்த மதிப்பெண்ணுக்குத்தானாம். ஒட்டுமொத்தமும் 6.5தானே என்றேன். உடனே, 90 சதவீத நேரலை வகுப்பில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். நேரலை வகுப்பே நடக்கவில்லையே! புதன்கிழமை அந்தப் பெண்ணையே பிடித்தேன். "நான் அட்மிஷன் மட்டும்தான் பார்க்கிறேன் மேடம்" என்றாள். பணம் கட்டும் வரை அக்கா, கட்டிய பிறகு மேடம். நேற்று என்னை அவர்களின் சாட் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 14,500 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூட இல்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரி வகுப்பு எடுத்தவர்தான் தொடர்ந்து எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். 'தேர்வில் வரும் கேள்விகள்' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி தளங்களில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே இருக்கின்றன. குழுவிலிருந்து நீக்கும் முன் எல்லா உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பாதியைத்தான் எடுத்திருக்கிறேன். அதை வைத்து இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே போல் பணம் இழந்தவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள்.