விடுதியா, வாடகை வீடா, தினமும் போய்வருவதா? நகரப் பல்கலைக்கழக மாணவருக்கான கணக்கு

மாத வாடகையை மட்டும் எழுதிவைத்து ஒப்பிட்டால் வீட்டிலிருந்து போய்வருவதுதான் எப்போதும் ஜெயிக்கும். அதை வைத்து முடிவெடுத்தவர்கள் பலர் மூன்றாவது மாதத்தில் அறை தேடத் தொடங்குகிறார்கள். அப்போது நல்ல அறைகள் போய்விட்டிருக்கும். பணத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் மிஞ்சும் என்பது ஒன்று. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கவும், பிறகு தூங்கவும் முடியுமா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சேர்த்ததுமே வரிசை மாறிவிடுகிறது.

அதற்கு முன் தூரம். நகரப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஒரே மதிலுக்குள் இருப்பதில்லை. நிர்வாகக் கட்டடம் ஒரு தெருவில் இருக்கும், ஆய்வகங்கள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், மருத்துவத் துறை மருத்துவமனையை ஒட்டி இருக்கும். 'பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம்' என்று அறை விளம்பரத்தில் கண்டால், எந்த வாசலுக்கு என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிக்கும் இதே கேள்விதான். விடுதி வேறு வளாகத்தில் இருந்தால், விடுதிக் கட்டணமும் கட்டி, பேருந்தும் ஏறுகிற நிலை வரும். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் படிக்கட்டிலிருந்து அறையின் கதவு வரை அளந்தால்தான் அது தூரம்.

தினமும் போய்வருதல்

ஒரு வழிக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 100 நிமிடம், வாரம் ஐந்து நாளுக்கு 8 மணி 20 நிமிடம். 16 வார செமஸ்டரில் 133 மணி நேரத்தைத் தாண்டும். வாரத்துக்கு 4 மணி நேரம் நடக்கும் ஒரு பாடத்துக்கு அதே 16 வாரத்தில் ஆகும் நேரம் 64 மணி. அதாவது கூடுதலாக இரண்டு பாடம் எடுத்த அளவுக்கு நேரம் சாலையில் போகிறது.

பலர் அந்த 50 நிமிடத்தையே தப்பாகத்தான் அளக்கிறார்கள். மேப் காட்டுவது வண்டி ஓடும் நேரத்தை. நிறுத்தத்துக்கு நடப்பது, காத்திருப்பது, மாறி ஏறுவது, வாசலிலிருந்து வகுப்பு வரை போவது எல்லாம் தனி. 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். ஒரு இடத்தில் மாறி ஏற வேண்டுமென்றால் இன்னொரு ஏழரை. முதல் வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகி இணைப்பைத் தவறவிட்டால் முழுப் பதினைந்தும் போயிற்று. அதனால் சராசரியை நம்பாதீர்கள். காலை வகுப்பு நேரத்துக்கே பத்து நாள் போய்ப் பார்த்து எழுதிவைத்து, அதில் இரண்டாவது மோசமான நாள் எதுவோ அதைத்தான் உங்கள் பயண நேரமாகக் கொள்ள வேண்டும். தேர்வு நாளில் அந்த எண்தான் உதவும்.

எல்லாப் பயண நேரமும் ஒன்றல்ல. வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறி, உட்கார்ந்து, ஒரே வண்டியில் 45 நிமிடம் போனால் அதில் அரை மணியாவது படிப்புக்குத் தேறும். நின்றுகொண்டு, இரண்டு முறை மாறி ஏறிப் போகும் 45 நிமிடத்தில் ஒன்றும் தேறாது; போய் இறங்கியதும் களைப்புதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய கேடு கால அட்டவணையில் இருக்கிறது. காலை 9 மணிக்கு ஒரு வகுப்பு, அடுத்தது மாலை 3 மணிக்கு. விடுதிக்காரர் அறைக்குப் போய் ஒரு தூக்கமே போட்டுவிட்டு வருவார். போய்வருபவர் ஐந்து மணி நேரம் நூலகத்தில் இடம் தேடி அலைவார். ஒரே ஒரு வகுப்பு உள்ள நாளில் 'இதற்காக இவ்வளவு தூரமா' என்று தோன்றும். வருகைப் பதிவு முதலில் ஓட்டை விழுவது அந்த நாளில்தான். குழு வேலைக்கான கூட்டங்களை மற்றவர்கள் மாலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்வார்கள், கடைசி வண்டி நேரம் உங்களுக்கு மட்டும்தான் கவலை.

இதற்குச் சில மாற்று உண்டு. பிரிவையோ ஆய்வக பேட்சையோ தேர்ந்தெடுக்க விட்டால், வகுப்புகள் நெருக்கமாக நான்கு நாளில் அடங்கும் பிரிவை எடுங்கள். ஒரு நாள் பயணம் குறைந்தாலே செமஸ்டருக்கு 26 மணிக்கு மேல் மிஞ்சும். துறையில் லாக்கர் கிடைத்தால் முதல் வாரமே வாங்கிவிடுங்கள். லேப்டாப், சார்ஜர், தடித்த புத்தகம், ஆய்வக அங்கி எல்லாம் தினமும் தோளில் ஏறினால் நாலு கிலோ சுலபமாக வந்துவிடும். இரண்டாவது சார்ஜர் ஒன்றை லாக்கரிலேயே விட்டுவைப்பது வீண் செலவு இல்லை.

கதவிலிருந்து கதவு வரை ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்குள், ஒரே வண்டி என்றால் வீட்டிலேயே இருக்கலாம். வீட்டில் தனியாக ஒரு மேசை இருந்தால் அதுவே மற்ற எல்லா வழியையும் விடச் சிறந்தது. 75 நிமிடத்தைத் தாண்டினால், கடன் வாங்கியாவது பக்கத்தில் தங்குவது நல்லது. இடையில் உள்ளவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள்.

விடுதி

விடுதியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அறையை மட்டும் அல்ல. மின்சாரம், தண்ணீர், இணையம், காவல் எல்லாம் ஒரே ரசீதில் அடங்கிவிடும். குழாய் ஒழுகினால் புகார் எழுதுவதோடு உங்கள் வேலை முடிந்தது. முதலாண்டு மாணவருக்கு, அதுவும் ஊருக்குப் புதியவருக்கு, இதன் மதிப்பு பெரிது. முதல் ஒன்றரை மாதத்தில் சேரும் கூட்டம்தான் பெரும்பாலும் கடைசி வரை தொடர்கிறது. அந்தக் கூட்டம் விடுதி வராந்தாவில் தானாகச் சேர்ந்துவிடும்.

மெஸ் கட்டணத்தைச் சேரும் முன்பே கேட்டு அறிய வேண்டும். சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா, எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருக்க வேண்டும்? ஆய்வகம் முடியும் நேரமும் மெஸ் மூடும் நேரமும் மோதினால், மெஸ்ஸுக்கும் கட்டி, வெளியிலும் சாப்பிட்டு இரட்டைச் செலவாகும். செமஸ்டர் விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்பதும் முக்கியம். சொல்வார்கள் என்றால் பெட்டிகளை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வருடத்துக்கு இரண்டு முறை வரும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை மூன்று: மாடிப்படிக்கு அடுத்தது, பொதுக் குளியலறைக்கு ஒட்டியது, லிஃப்ட் இயந்திரத்துக்குக் கீழே உள்ளது. படிக்கட்டில் பேச்சுச் சத்தம், குளியலறையில் அதிகாலைத் தண்ணீர்ச் சத்தம், லிஃப்டில் இரவெல்லாம் அதிர்வு. படுக்கை அறைக்குள் தொடர்ந்த சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது 1999இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. கிசுகிசுப்பு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். எந்த விடுதியும் அதைத் தொடாது. காது அடைப்பானும் கண் மறைப்பும் முதல் நாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இணையம் ஏன் இரவு பத்து மணிக்குத் தவழ்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட்டும் ரவுட்டரும் வைத்தால் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் கெடுத்துக்கொள்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது மந்தம். சுவரில் லேன் முனை இருந்தால் ஒரு கேபிள் வாங்கிச் செருகிவிடுங்கள். இணையவழித் தேர்வு எழுதுபவருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

கெட்டில், இஸ்திரிப் பெட்டிக்குத் தடை போடுவதை வார்டனின் கெடுபிடி என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். 230 வோல்ட், 10 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பலகை தாங்குவது 2300 வாட். கெட்டில் 1500 முதல் 2000 வாட், இஸ்திரி ஏறத்தாழ 1000. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எல்லை தாண்டியாயிற்று. பிளக் சற்றுத் தளர்ந்திருந்தால் சூடு அந்தத் தொடுமுனையில்தான் ஏறும். பலகை உருகுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

ரூம்மேட்டிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டியவை: விளக்கு அணைக்கும் நேரம், அலாரம் எத்தனை முறை அடிக்கலாம், விருந்தினர், எதையெல்லாம் கேட்காமல் எடுக்கலாம். சண்டை வந்த பிறகு பேசினால் அது பஞ்சாயத்து.

பகிர்ந்து எடுக்கும் வாடகை வீடு

விளம்பரத்தில் விடுதியைவிட மலிவாகத் தெரியும். ஆனால் விடுதி கணக்கிடுவது கல்வி மாதங்களுக்கு, வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதத்துக்கு. நீங்கள் தங்குவது 9 மாதம் என்றால், மாத வாடகையை 12ஆல் பெருக்கி 9ஆல் வகுங்கள். 100 என்று சொன்னது 133 ஆகிவிடும். அதன் மேல் மின்சாரம், தண்ணீர், இணையம், எரிவாயு, தரகு, மெத்தையும் பாத்திரமும் வாங்கிய செலவு. இதற்குப் பிறகும் மலிவாக இருந்தால் அது உண்மையிலேயே மலிவு.

நேரமும் போகும். மூன்று பேர் சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒன்றரை மணி. கடைக்கு ஒரு மணி, வீடு கூட்ட ஒரு மணி. ஆக ஐந்து மணி நேரம். ஒவ்வொருவரும் தனித்தனியே சமைத்தால் சமையலுக்கு மட்டுமே ஏழு மணியைத் தாண்டும். அடுப்படியில் வரிசையும் நிற்கும். பயணக்காரர் பேருந்தில் விடும் நேரத்தை இவர் சமையலறையில் விடுகிறார், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. நான்கு பேரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்திட்டு, பொறுப்பு கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று எழுதியிருந்தால், ஒருவர் பாதியில் போனாலும் அவர் பங்கை மற்ற மூவரிடம் உரிமையாளர் கேட்கலாம். அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. கூட்டு ஒப்பந்தம்தான் கிடைக்கிறது என்றால், போகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவர வேண்டும், வரும்வரை பங்கைக் கட்ட வேண்டும் என்று உங்களுக்குள் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெடும் என்று தயங்குவார்கள். எழுதாததால் கெட்ட நட்புகள்தான் அதிகம்.

மாணவர்க்கும் வீட்டுக்காரர்க்கும் இடையிலான இந்த வழக்கு பல்கலைக்கழகத்தின் வயதே ஆனது. 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த சாசனத்தில், தங்குமிட வாடகையை மதிப்பிடும் உரிமை பறிக்கப்பட்டால் பாடம் நடத்துவதையே நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறது. இன்று அந்த ஆயுதம் மாணவர் கையில் இல்லை. அதனால் வீட்டை நீங்களே நன்றாகப் பார்க்க வேண்டும்.

பகலில் ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முறை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது, தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டின் பாட்டு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். கழிப்பறையில் ஃப்ளஷ் செய்துவிட்டு உடனே ஷவரைத் திறந்து பாருங்கள், அழுத்தம் சரிந்தால் காலையில் நாலு பேர் குளிக்க முடியாது. அலமாரியை நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்திருந்தால் அடியில் ஈரக்கசிவு இருக்கலாம். ஒவ்வோர் அறையிலும் நின்று போனில் சிக்னல் பாருங்கள்.

பூஞ்சைக்கு உரிமையாளர் மட்டும் காரணம் அல்ல. ஒரு முறை மொத்தமாகத் துவைத்தெடுத்த ஈரத் துணிகளில் ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை மூடிய அறையில் காயப்போட்டால் அந்தத் தண்ணீர் சுவரில்தான் போய்ப் படியும். சன்னலைத் திறந்துவைக்க முடியாத அறையில் துணி உலர்த்தக் கூடாது.

காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் எரிவாயு வாட்டர் ஹீட்டர் பொருத்தியிருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பேரம் பேச வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைச்சுற்றல் வந்து சுதாரிப்பதற்குள் கை கால் சொன்னபடி கேட்காது.

குடும்பத்தோடு ஓர் அறை

ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டில் ஓர் அறை எடுப்பது விடுதிக்கும் பகிர்ந்து எடுக்கும் வீட்டுக்கும் நடுவே. அமைதி கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கலாம். விதிகள் எழுத்தில் இருக்காது என்பதுதான் சிக்கல். வீடு திரும்பும் நேரம், சமையலறை, நண்பர்கள், கதவுக்குத் தனிப் பூட்டு ஆகிய நான்கையும் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். ஆராய்ச்சி மாணவருக்கு இது பொருந்தும். பதினெட்டு வயதில் நண்பர்களைத் தேடுபவருக்கு வீடு பேசாமடந்தையாகத் தோன்றும்.

யாருக்கு எது

ஆய்வகம், கட்டடக்கலை ஸ்டூடியோ, மருத்துவம் போன்ற படிப்புகளில் வேலை முடியும் நேரம் நம் கையில் இல்லை. பணம் கொஞ்சம் கூடினாலும் கட்டடத்துக்கு அருகே இருப்பதுதான் சரி. இலக்கியம், வரலாறு, கணிதம் படிப்பவருக்குத் தூரத்தைவிட அமைதி பெரிது. முதலாண்டு விடுதி, இரண்டாம் ஆண்டிலிருந்து தெரிந்த இரண்டு பேரோடு வீடு என்பது பலருக்கும் ஒத்துவரும் வழி. மூன்று பேருக்கு மேல் போனால் பங்கு குறைவதைவிடச் சமையலறைத் தகராறு வேகமாக வளர்கிறது.

நடுவில் மாற வேண்டி வரலாம் என்பதால், நுழையும்போதே வெளியேறும் விதியைப் படித்துவிடுங்கள். விடுதி செமஸ்டர் கட்டணத்தைத் திருப்பித் தருமா, வீட்டுக்கு எத்தனை மாத நோட்டீஸ், முன்பணத்திலிருந்து எதற்கெல்லாம் கழிப்பார்கள். சாவி வாங்கும் நாளன்று மீட்டர் அளவு, கீறல், கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படம் உங்கள் போனில் மட்டும் கிடந்தால் எப்போது எடுத்தது என்று வாதம் வரும். காலி செய்யும் நாளில் அதே இடங்களை அதே கோணத்தில் எடுத்து, சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.