பழைய காருக்குத் திறப்பு செய்து தாறம் எண்டு வாறவங்களிட்டை கவனம்!

46,500 ரூபா. காசு மட்டும் போயிருந்தால் இவ்வளவு வயிறு எரியாது. 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனரோடை வந்த இக்னிஷன் பூட்டும், அதுக்கு இருந்த ஒரேயொரு திறப்பும் சேர்த்துப் போயிட்டுது. திறப்பு செய்து தாறன் எண்டு அதெல்லாத்தையும் வாங்கினவன் நேற்றுப் பின்னேரம் என்ர நம்பரை புளொக் பண்ணிப்போட்டான். யாழ்ப்பாணத்திலை ஒஸ்ரின், மொறிஸ் வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் எத்தினையோ பேர் இருக்கிறியள். அடுத்தது ஆரைப் பிடிப்பானோ தெரியாது. அதாலை கோபம் ஆறமுந்தியே எழுதிறன்.

கார் அப்பாவின்ர. 90க்குப் பிறகு பெற்றோல் தடை இருந்த காலம் முழுக்க மண்ணெண்ணெயிலை ஓடின கார். காபரேட்டருக்குள்ளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டாட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. 95 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கு அம்மம்மாவை இந்தக் காரிலை வைச்சுத்தான் நாவற்குழிப் பாலம் தாண்டி மீசாலைக்குக் கொண்டு போனவர். இப்பவும் ஆவணி, தை எண்டால் கலியாண ஓட்டத்துக்குக் கேட்டு வருவினம். அப்பிடி ஒரு கார்.

திறப்பு தேஞ்சு போச்சுது. ஓடிக்கொண்டிருக்கேக்கை தானா நழுவிக் கீழை விழும். டிக்கிப் பூட்டு எப்பவோ உடைஞ்சு கம்பியாலை கட்டிக்கிடக்குது. பஸ் ஸ்டாண்டடியிலை திறப்பு வெட்டுற ஐயாவிட்டைத்தான் முதல் கொண்டு போனனான். அவர் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்திட்டு, "தம்பி, இதுக்கு வெட்டாத திறப்பு என்னட்டை இல்லை. இருந்தாலும் தேஞ்ச திறப்பைப் பார்த்து வெட்டினால் புதுசும் தேஞ்சதாத்தான் வரும்" எண்டு நேரா சொல்லிட்டார். ஒரு சதம் வாங்கேல்லை. அந்த மனிசன் நல்லா இருக்கோணும்.

பிறகுதான் ஒன்லைனிலை பழைய இங்கிலாந்துக் கார் சாமான் விக்கிற ஒருத்தன்ர விளம்பரம் கண்டன். பேர் சொல்லேல்லை, வழக்கு கிழக்கு எண்டு இழுத்துக்கொண்டு திரிய என்னாலை ஏலாது. ஆள் கொழும்புப் பக்கம், தமிழ் நல்லாக் கதைக்கிறான். கோல் எடுத்த உடனை விலை சொல்லேல்லை. "அண்ணை, இக்னிஷன் பூட்டின்ர முகத்திலை ரெண்டு எழுத்தும் மூண்டு இலக்கமும் அடிச்சிருக்கும். துடைச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ" எண்டான். துணியிலை கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சன். எஃப்.எஸ். 912 எண்டு தெரிஞ்சுது. இவ்வளவு காலம் அந்த டாஷ்போட்டுக்கு முன்னாலை இருந்திருக்கிறன், அப்பிடி ஒரு நம்பர் இருக்கெண்டு ஆரும் சொன்னதில்லை. "அது பேர்மிங்ஹாமிலை வில்மொட் பிறீடன் கொம்பனி செய்த பூட்டு அண்ணை, உங்கட கார் ஒரிஜினல்" எண்டு அவன் சொல்லேக்கை, விசயம் தெரிஞ்ச பிள்ளையிட்டை வந்து சேர்ந்திருக்கிறம் எண்டு மனம் குளிர்ந்து போச்சுது.

அடுத்த கோலிலை பூட்டை எப்பிடிக் கழட்டுறது எண்டும் சொல்லித் தந்தான். திறப்பைப் போட்டு மெல்லத் திருப்பி, பக்கத்திலை இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ளை மெல்லிய கம்பியைக் குத்தச் சொன்னான். 'டக்'கெண்டு ஒரு சத்தம். அறுபது வருசத்துக்கு மேலை இருந்த இடத்திலை இருந்து பூட்டு முழுசா என்ர உள்ளங்கைக்கு வந்துட்டுது. உள்ளுக்கை பித்தளைத் தகடுகள், தலைமயிர் மாதிரிச் சின்னச் சின்னச் சுருள் கம்பிகள். ஒண்டும் உடையேல்லை. அந்த நேரம் அவனிலை வந்த நம்பிக்கை சொல்லி முடியாது. "சாம்பிளுக்குப் பூட்டையும் திறப்பையும் அனுப்புங்கோ அண்ணை. அதே திறப்பிலை திறக்கிற மாதிரிக் கதவு, டிக்கிப் பூட்டும் சேர்த்து செற்றாச் செய்து தாறன்." 30,000 ரூபா அட்வான்ஸ் போட்டு, பூட்டைப் பஞ்சிலை சுத்தி கூரியரிலை அனுப்பினன்.

அதுக்குப் பிறகு ஒரே சாட்டுத்தான். போயா லீவு. மிஷின்காரன் ஊருக்குப் போயிட்டான். பித்தளை வரேல்லை. ஒருநாள் ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்து "அவர் வெளியிலை, வந்தாப்போலை எடுப்பார்" எண்டுது. அவர் எடுக்கேல்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்த, "அண்ணை, நம்பிக்கையில்லாமல் கதைக்கிறியள், எனக்குக் கவலையாக் கிடக்கு" எண்டான். கவலை அவனுக்காம்! இங்கை கார் கராஜுக்குள்ளை நிக்குது, சொல்லி வைச்சிருந்த கலியாண வீட்டுக்காரருக்கு நான் போன் பண்ணி வேறை கார் பாருங்கோ எண்டு சொல்லுறன்.

பிறகு ஒரு படம் அனுப்பினான். வெல்வெட் துணியிலை மினுங்கிற பூட்டுகள், பக்கத்திலை திறப்பு. "ரெடி அண்ணை, மிச்சம் 16,500ஐ போட்டால் இண்டைக்கே அனுப்புவன்." போட்டன். மொத்தம் 46,500.

பார்சல் வந்தது. உள்ளுக்கை இருந்தது பிளாஸ்ரிக் தலை வைச்ச திறப்போடை, கடை கடையாத் தொங்கிற மாதிரி ஒரு சாதாரண இக்னிஷன் சுவிச். அது திருப்பினால் ஸ்டாட் எடுக்கிற வகை. எங்கட காரிலை திறப்பைத் திருப்பினால் கரண்ட் வரும், அவ்வளவுதான். ஸ்டாட் எடுக்க டாஷ்போட்டிலை இருக்கிற குமிழை வேறையா இழுக்கோணும். மொறிஸ் மைனரை ஒருக்கா ஓடிப் பார்த்தவனுக்குக் கூடத் தெரிஞ்ச விசயம். மற்ற ரெண்டும் லொறி டூல்ஸ் பெட்டிக்குப் போடுற பூட்டு மாதிரி. ஒண்டின்ர திறப்பு மற்றதுக்குப் போகாது. எங்கட பழைய பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை.

கேட்டதுக்கு அவன் சொன்ன பதில் இண்டைக்கும் காதுக்குள்ளை கிடக்குது: "உங்கட கார்தான் ஒரிஜினல் இல்லைப் போலை அண்ணை. ஆரோ முந்தி மாத்தியிருக்கினம்." ஒரிஜினல் எண்டு முதல் சொன்னதும் இவன்தான்! எங்கட சாமானையாவது திருப்பித் தா தம்பி எண்டு கெஞ்சினன். "கூரியர்காரனிட்டைக் கேளுங்கோ." கூரியரிலை கேட்டால், அவன் கையெழுத்து வைச்சு எடுத்த பதிவு கிடக்குது. அதைப் படமெடுத்து அவனுக்கே அனுப்பினன். ரெண்டு நீலச் சரி விழுந்தது. நேற்றுப் புளொக்.

விசாரிச்சுக்கொண்டு போகேக்கைதான் எல்லாத்தையும் விட வயித்தெரிச்சலான விசயம் தெரிய வந்தது. அந்த எஃப்.எஸ். வரிசை 876இலை இருந்து 955 வரைதான். மொத்தமே 80 வகைத் திறப்பு. நம்பரைச் சொன்னால் போதும், அந்த நம்பருக்குரிய திறப்பை இங்கிலாந்திலை பழைய கார் சாமான் விக்கிற கடைகளிலை இப்பவும் வாங்கலாம். பூட்டைக் கழட்டவும் தேவையில்லை, அனுப்பவும் தேவையில்லை. நம்பரைப் பார்க்கச் சொன்ன அவனுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் பூட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஒரிஜினல் பூட்டுக்கு அவனிட்டை வேறை ஆள் இருந்திருக்கும், எனக்கு அப்பிடித்தான் படுது.

இப்ப மெக்கானிக் மண்ணிற வயரையும் வெள்ளை வயரையும் ஒரு சாதாரண சுவிச்சுக்குக் குடுத்து காரை ஓட வைச்சிருக்கிறார். ஆர் வந்து தட்டினாலும் ஓடும். இரவிலை பற்றறி வயரைக் கழட்டி வைச்சிட்டுத்தான் படுக்கிறன்.

என்னென்ன செய்யோணும் எண்டு விபரமா எழுதத்தான் தொடங்கினனான், இப்ப மனம் ஓடேல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லுறன். பூட்டு நம்பரை இண்டைக்கே துடைச்சுப் பார்த்துக் கொப்பியிலை எழுதி வையுங்கோ, அதின்ர படத்தைக் கண்டவனுக்கும் அனுப்பாதேங்கோ. சாம்பிள் எண்டு ஆர் கேட்டாலும் இருக்கிற பூட்டையோ ஒரே திறப்பையோ கையை விட்டு விடாதேங்கோ. கடைப் பேர் ஒண்டு, வங்கிக் கணக்குப் பேர் இன்னொண்டு எண்டால் ஒரு ரூபாயும் போடாதேங்கோ. பில் கேளுங்கோ, கேட்டால் தரவேண்டியது சட்டம். நுகர்வோர் விவகார அதிகார சபையின்ர போன் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்திலை, மூண்டு மாசத்துக்குள்ளை குடுக்கோணும். நான் நாளைக்குக் குடுக்கப் போறன்.

எஃப்.எஸ். 912 எண்டு முகத்திலை அடிச்ச இக்னிஷன் பூட்டை, மேல் விளிம்பிலை குறுக்கா ஒரு கீறல் இருக்கும், ஆரும் உங்களிட்டை விக்க வந்தால் தயவுசெய்து எனக்கு உள்பெட்டியிலை சொல்லுங்கோ. விலை குடுத்து எடுக்கிறன்.