பச்சை லென்ஸ் வழியே தெரிந்த மஞ்சள் இலை

எல்இடி விளக்கின் கீழே செடி வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் பச்சை லென்ஸ் கண்ணாடியை நான் வாங்கியது, கண் கூசுகிறது என்பதற்காக. இன்றைக்கும் அதைக் கழற்றாமல் வேலை செய்வது, இலையின் உண்மையான நிறம் தெரிகிறது என்பதற்காக. கூச்சத்தை அது நன்றாகவே குறைக்கிறது. நிறத்தைக் காட்டுவது மட்டும் நீங்கள் மாட்டியிருக்கும் விளக்கைப் பொறுத்தது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் அறையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தட்டில் மிளகாய், தக்காளி நாற்றுகள். மேல்தட்டில் லெட்டூஸ். மேல்தட்டுக்கான விளக்கு கிட்டத்தட்ட என் கண் மட்டத்தில் தொங்குகிறது. சுவர் முழுக்க வெள்ளி நிற மைலார் தாள் ஒட்டியிருப்பதால் மேலிருந்து மட்டுமல்ல, பக்கவாட்டிலிருந்தும் முதுகுப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும். விளக்கில் பெரும்பகுதி 450 நானோமீட்டர் நீலமும் 660 நானோமீட்டர் சிவப்பும் (நானோமீட்டர் என்பது ஒளியின் அலைநீளத்தை, அதாவது அதன் நிறத்தைக் குறிக்கும் அளவு). இடையிடையே கொஞ்சம் வெள்ளை டையோடுகள். ஆகக் கடைசி வரிசையில் 730 நானோமீட்டர் தொலைசிவப்பு, அதாவது கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கடைசிச் சிவப்பு. மொத்தத்தில் அறையே கத்தரிப்பூ நிறமாகத் தெரியும்.

இந்த நிறத்தில்தான் சிக்கல். நம் கண்ணுக்கு மிக நன்றாகத் தெரிவது 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை. அதோடு ஒப்பிட்டால் 660 நானோமீட்டர் சிவப்பு சுமார் 6 சதவீதம்தான் கண்ணில் படும். 450 நீலம் சுமார் 4 சதவீதம். செடிக்குக் கொட்டிக் கொடுக்கும் ஒளி நமக்குச் சுமாரான வெளிச்சமாகத்தான் தெரிகிறது. "அவ்வளவு ஒன்றும் பிரகாசமாக இல்லையே" என்று தோன்றுகிற விளக்கிலிருந்தும் ஏராளமான ஆற்றல் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். அதிலும் நீலம் தனிக் கவலை. விழித்திரையில் ஒளிவேதிப் பாதிப்பை உண்டாக்கும் திறன் 440 நானோமீட்டரை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கிறது. அந்தப் பாதிப்பு விளக்கை எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு நேரம் நேராகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துச் சேர்ந்துகொண்டே போகும். அறைக்குள் எட்டிப் பார்த்தவுடன் கண் கெட்டுவிடும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் அண்ணாந்து நின்று, விளக்குக்கு ஒரு முழம் தள்ளித் தலையை வைத்துக்கொண்டு, தக்காளிக் கொடியைக் கட்டுகிற வேலை வேறு. அதற்குக் கண்ணாடி வேண்டும்.

இனி கண்ணாடி. பாலிகார்பனேட் லென்ஸ், நல்ல அடர்த்தியான பச்சை, நெற்றியோடும் கன்னத்தோடும் வளைந்து ஒட்டும் பிரேம். போட்ட உடனே கத்தரிப்பூ நிறம் காணாமல் போய்விடுகிறது. முதலில் எல்லாம் பச்சையாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மூளை பழகிக்கொண்டு வெள்ளைத் தொட்டியை வெள்ளையாகவே காட்டுகிறது. லென்ஸ் நீலத்தையும் சிவப்பையும் பெருமளவு வடிகட்டிவிட்டு நடுவிலுள்ள பச்சை, மஞ்சள் அலைநீளங்களை உள்ளே விடுகிறது. இலை திருப்பி அனுப்புவதும் அந்தப் பச்சையைத்தான். அதனால் இலை பச்சையாகவும், வெளுத்த இலை மஞ்சளாகவும் தெரிகிறது.

என் தங்கை மகள் முதல்முறை அறைக்குள் எட்டிப் பார்த்து, "பெரியம்மா, ஏன் செடியெல்லாம் கறுப்பா இருக்கு?" என்றாள். அவள் கேட்டது சரி. சிவப்பும் நீலமும் இலை விழுங்கிக்கொள்ளும் நிறங்கள். திருப்பி அனுப்ப இலையிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நிலையில் நோயையும் சத்துக் குறைவையும் கண்டுபிடிப்பது எப்படி? மக்னீசியம் குறைந்தால் அடி இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் விழும். இரும்புச்சத்து குறைந்தால் அதே மாதிரி மஞ்சள் கொழுந்தில் விழும். இலைப்பேன் சுரண்டினால் வெள்ளிக் கோடுகள் வரும். செஞ்சிலந்தி வந்தால் பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகள். கத்தரிப்பூ வெளிச்சத்தில் இவை எல்லாமே ஒரே கருமையில் மறைந்துவிடும். கண்ணாடி போட்ட பிறகு ஒரு மிளகாய் நாற்றின் அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிந்தது. விளக்கை அணைக்காமல், தொட்டியை வெளியே தூக்கிப் போகாமல், நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வாங்கியதற்கான பலன் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

இப்போது அந்த நிபந்தனை. விளக்கில் இல்லாத பச்சையை எந்த லென்ஸாலும் உண்டாக்க முடியாது. வெள்ளை டையோடே இல்லாமல் வெறும் சிவப்பும் நீலமுமாக இருக்கும் பழைய வகைப் பலகைகளின் கீழே இதைப் போட்டுப் பார்த்தேன். கூச்சம் போனது. இலையோ முன்பைவிட இருட்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட விளக்கு வைத்திருப்பவர்கள் கண்ணாடியோடு கூடவே ஒரு சாதாரண வெள்ளை பல்பையும் மாட்டிக்கொள்ளுங்கள். இலை பார்க்கும்போது செடி வளர்க்கும் விளக்கை அணைத்துவிட்டு அந்த பல்பைப் போட்டால் கண்ணாடியே தேவைப்படாது. மறுமுனையில், முழுக்க வெள்ளை எல்இடி வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பச்சை அதிகம். அவர்களுக்கு நிறம் மாற்றாத சாம்பல் லென்ஸே போதும். கூலிங் கிளாஸ் தரப் பிரிவுகளில், 18 முதல் 43 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விடுகிற இரண்டாம் வகை என்றால் வேலையும் நடக்கும், கண்ணும் கூசாது.

லென்ஸ் எதை வடிகட்டுகிறது என்று பார்க்க நான் செய்தது ஒரு பழைய சிடி வைத்து. அறைக் கதவை மெல்லிய கீற்றளவு திறந்து வைத்து, வெளியே நின்றபடி, அந்தக் கீற்று வெளிச்சம் சிடியின் பளபளப்பான பக்கத்தில் பட்டு வானவில்லாக விரியும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு நீலப்பட்டை தடிப்பாக, சிவப்புப்பட்டை தடிப்பாக, நடுவில் பச்சையும் மஞ்சளும் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடி வழியே பார்த்தால் நீலம் சுருங்கிவிட்டது, சிவப்பு மெல்லிய கோடாகிவிட்டது, நடுப்பகுதி அப்படியே நின்றது. எந்தக் கடையில், எந்தப் பெயரில் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். சரியாக வடிகட்டாத லென்ஸ் என்றால் நீலமும் சிவப்பும் இவ்வளவு சுருங்காது.

புற ஊதாவை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு வேறு வழி உண்டு. சில விளக்குகளில் 385 நானோமீட்டர் டையோடுகளும் சேர்த்து வைக்கிறார்கள். அது கண்ணுக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. தெரியாததால் கண் சுருங்கவும் மாட்டாது. 365 நானோமீட்டர் யுவி டார்ச் ஒன்றை வெள்ளைத் தாளில் அடித்தால் தாள் நீலமாக ஒளிரும். ஹைலைட்டர் மையால் கோடு போட்டிருந்தால் அது பளீரென்று எரியும். நடுவில் லென்ஸைப் பிடியுங்கள். லென்ஸின் நிழல் விழும் இடத்தில் ஒளிர்வு நின்றுபோனால் அந்த 365 நானோமீட்டர் புற ஊதா நிற்கிறது என்று பொருள். என் பச்சைக் கண்ணாடி இதில் தேறியது. சொல்லப்போனால் நிறமே இல்லாத சாதாரண பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியும் தேறும். 380 நானோமீட்டர் வரை அந்தப் பிளாஸ்டிக்கே தடுத்துவிடும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே மட்டும் காட்டிவிடாதீர்கள்.

கூலிங் கிளாஸ் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். யுவி400 (400 நானோமீட்டர் வரை புற ஊதாவைத் தடுக்கும்) என்று நம்பகமாகக் குறித்த நல்ல கூலிங் கிளாஸ் என்றால் இல்லாததற்கு அது நல்லதுதான். நிறம் சரியாகத் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வரும், அவ்வளவே குறை. ஆனால் புற ஊதாவைத் தடுக்காத, வெறுமனே கறுப்பாக மட்டும் இருக்கிற கண்ணாடி ஆபத்தானது. இருட்டில் கண் பாவை விரியும். விரிந்த பாவை வழியாக அதிகப் புற ஊதா உள்ளே போகும். கறுப்பு எவ்வளவு என்பதை வைத்துக் கண்ணாடியை எடை போடவே கூடாது. காதுக்கம்பியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கத் தரத்தில் வந்தது என்றால் இசட்87, புற ஊதாத் தடுப்புக்கு யூ6 என்று இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் வந்த நிறமற்ற லென்ஸில் 2சி-1.2 என்ற குறி இருக்கும். அதில் வரும் சி, நிறங்கள் மாறாமல் தெரியும் என்பதைக் குறிக்கிறது.

குழந்தைகளின் கண் லென்ஸ் மிகத் தெளிவானது. பெரியவர்களின் லென்ஸைவிட நீலத்தையும் புற ஊதாவையும் அதிகம் உள்ளே விடும். அதனால் தங்கை மகளுக்கென்று ஒரு சின்ன அளவு வாங்கி வைத்துவிட்டேன். அதைப் போடாமல் அவளுக்கு உள்ளே இடமில்லை.

பிரேமைப் பற்றி நல்லதும் கெட்டதும் கலந்துதான் சொல்ல முடியும். வளைந்து ஒட்டுவதால் மைலாரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைவதில்லை. தட்டையான பிரேமில் இது பெரிய தொல்லை. பின்னாலிருந்து வரும் ஒளி லென்ஸின் உட்புறத்தில் பட்டு நம் கண்ணையே நமக்குக் காட்டும். ஆனால் நான் பவர் கண்ணாடி போடுகிறவள். அதன்மேல் இதை மாட்டினால் காதுக்குப் பின்னால் அழுத்துகிறது, மூக்கில் இரண்டும் மோதுகின்றன. பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற பெரிய கூடு மாதிரியான வடிவமும் வருகிறது. எனக்கு அதுதான் ஒத்துவந்தது. அறையின் ஈரப்பதம் ஏறினால் இரண்டு லென்ஸுக்கு நடுவில் ஆவி படியும். மேல்விளிம்பில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, உரக்கரைசல் தெறித்துக் காய்ந்தால் உப்புத் துகளாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியால் உலரத் துடைத்தால் பாலிகார்பனேட்டில் கீறல்தான் மிஞ்சும். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி, பிறகு மென்மையான துணியில் ஒற்றி எடுக்க வேண்டும்.

சோடியம் விளக்கு வைத்திருப்பவர்கள் இந்தப் பச்சையை வாங்க வேண்டாம். அந்த விளக்கின் ஆரஞ்சு வெளிச்சம் 589 நானோமீட்டரைச் சுற்றிக் குவிந்திருக்கும். அதற்கு நியோடிமியம் கலந்த நீல நிறக் கண்ணாடி லென்ஸ்தான் பொருத்தம். நியோடிமியம் சரியாக அந்த மஞ்சள் பகுதியைத்தான் விழுங்கும். ஊதுகுழலில் கண்ணாடி உருக்குகிறவர்கள் சுடரில் எழும் சோடிய மஞ்சளைத் தாண்டிப் பார்க்கப் போடும் டிடிமியம் கண்ணாடியும் இதே அடிப்படையில் வேலை செய்வதுதான். நண்பர் ஒருவரின் அறையில் போட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு விலகி இலை பச்சையாக வந்தது. பிளாஸ்டிக் அல்லாமல் உண்மையான கண்ணாடி என்பதால் கனம் கூடுதல்.

மெட்டல் ஹாலைடு விளக்குக்கு ஓர் எச்சரிக்கை. அதன் வெளிக்குமிழ்தான் புற ஊதாவைத் தடுக்கிறது. குமிழ் உடைந்தாலும் உள்குழாய் தொடர்ந்து எரியக்கூடும். அதன் கீழே நின்றால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு வரும் அதே கருவிழிப் பாதிப்பு வரும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மண் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும், நீர் வடியும். பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும் கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உடைந்தால் தானாக அணையும் வகை விளக்கு கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். செடிக்கென்று தனியாகப் புற ஊதா-பி குழல் மாட்டுகிறவர்கள், ஆள் உள்ளே போகும்போது அதை அணைத்துவிட வேண்டும். கண்ணாடி கண்ணை மூடும். முகத்தையும் கையையும் எது மூடும்?

தலைவலிக்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவான டிம்மரோடு வரும் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும். கைபேசிக் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும். அந்தத் துடிப்பை எந்த லென்ஸும் நிறுத்தாது. நீண்ட வேலை இருக்கும் நாட்களில் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே போய் முடித்துக்கொள்வதுதான் நான் செய்வது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் உதவும். கண்ணாடி போடுவதால் தொப்பி தேவையில்லை என்று ஆகிவிடாது.

தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெட்டியின் மேல் இலையும் சூரியனும் போட்டு, கண்ணுக்கு முழுப் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் எந்த அலைநீளத்தில் எத்தனை சதவீதம் வெளிச்சம் உள்ளே வருகிறது என்று காட்டும் ஒரே ஒரு கோட்டு வரைபடத்தை அச்சிடட்டும். எந்த விளக்குக்கு எந்த லென்ஸ் என்பதை வாங்குகிறவரே அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார். அந்த வரைபடத்தோடு வருகிற கண்ணாடி கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.