பீக் ஃப்ளோ மீட்டர் கேட்டால் பந்து டப்பாவைக் கொடுக்கிறார்கள், வாங்காதீர்கள்

வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் கருவி வேண்டும் என்று டாக்டர் சீட்டில் "பீக் ஃப்ளோ மீட்டர்" என்று எழுதியிருப்பார். கடையிலோ மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். கொரோனா சமயத்தில் பல வீடுகளில் வாங்கினோமே, குழாயில் உறிஞ்சினால் பந்து மேலே ஏறுமே, அதேதான்.

எங்கள் ஊரில் பெரிய சர்ஜிக்கல் கடை ஒன்றில் எங்களுக்கு இப்படித்தான் நடந்தது. மகளுக்கு ஒன்பது வயது. டாக்டர் சொன்னது இது இல்லையே என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க. மூணு பந்தும் ஏறிடுச்சுன்னா பாப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

இரண்டும் ஒன்றே இல்லை. பந்து டப்பா மூச்சை உள்ளே இழுக்கும் பயிற்சிக்கானது. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களுக்கு நுரையீரல் நன்றாக விரிய வேண்டும் என்று கொடுப்பது. அதில் 600, 900, 1200 என்று போட்டிருப்பதும் உறிஞ்சும் வேகம்தான். ஆஸ்துமாவில் பெரிய திணறல் மூச்சை வெளியே விடுவதில். மூச்சுக்குழாய் சுருங்கிவிடுவதால் உள்ளே போன காற்று சீக்கிரம் வெளியேறாது. பீக் ஃப்ளோ மீட்டர் அளப்பது அந்த ஊதும் வேகத்தை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று.

ஒரு ராத்திரி மகள் விடாமல் இருமினாள். டப்பாவைக் கொடுத்தோம், மூன்று பந்தும் ஏறின. விடிவதற்குள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து இழுத்தது. "அம்மா, தண்ணி" என்பதையே இரண்டு மூச்சில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் முகம் தெளிந்தது. டப்பாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டில் தெளிவாக எழுதியிருந்தும் வேறு பொருளைக் கொடுத்து, அதற்கு ஒரு பொய் விளக்கமும் சொன்ன அந்தக் கடையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்" என்றார்கள். பில்லில் வெறுமனே "ஸ்பைரோமீட்டர்" என்று, அந்தப் பந்து டப்பாவைச் சொல்லும் பெயரில் போட்டிருந்தது. டாக்டர் சீட்டு கையில் இருந்ததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

சரியான கருவி கைக்கு அடக்கமான ஒரு குழல். பக்கத்தில் எண்களும் நகரும் ஒரு சின்ன முள்ளும் இருக்கும். முள்ளைக் கீழே தள்ளி, நிமிர்ந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, உதட்டால் வாய்க்குழலை இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், காலையும் மாலையும். உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் ஊதிப் பார்த்தால் அவரவருடைய சிறந்த அளவு தெரிந்துவிடும். எங்கள் மகளுக்கு அது 240. அதில் 80 சதவீதமான 192க்கு மேல் இருந்தால் பச்சை. அதற்குக் கீழே, சிறந்த அளவில் பாதியான 120 வரை மஞ்சள், டாக்டர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 120க்கும் கீழே போனால் சிவப்பு, உடனே இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். எண் நன்றாக இருந்தும் பிள்ளை திணறினால் பிள்ளையைத்தான் நம்ப வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே போதும் என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஆஸ்துமாவில் ஊதும் வேகம் நன்றாகக் குறைந்த பிறகும் ஆக்சிஜன் அளவு சரியாகவே காட்டலாம்.

வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். முள்ளை நடுவில் வைத்துக் குழலை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், அது தானாக வழுக்கி ஓடினால் வேண்டாம். பெரியவர்களுக்கானதில் எண் 800 வரை போகும், சின்னப் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுள்ளது தனியாக வருகிறது. பில்லில் "பீக் ஃப்ளோ மீட்டர்" என்றே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.