பாலைவனத் தோட்டம் பார்க்க ஃபீனிக்ஸா, டூசானா?

அரிசோனாவுக்கு வருகிறவர்கள் கிராண்ட் கேன்யனுக்கு இரண்டு நாள் ஒதுக்கிவிடுகிறார்கள். கள்ளிச்செடிகளுக்கு மிஞ்சுவது ஒரு நாள், சில சமயம் அரை நாள். அதை ஃபீனிக்ஸில் உள்ள டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனுக்குக் கொடுப்பதா, டூசானுக்கு மேற்கே இருக்கும் அரிசோனா-சொனோரா டெசர்ட் மியூசியத்துக்குக் கொடுப்பதா? நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தபோது ஒன்றைத்தான் காட்ட முடியும் என்ற நிலை. ஃபீனிக்ஸ் என்று முடிவு செய்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தூரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஃபீனிக்ஸ் தோட்டம் நகருக்குள், பப்பாகோ பூங்காவில் இருக்கிறது; விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம். டூசான் அங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், இரண்டு மணி நேரக் கார் பயணம். டூசானிலேயே தங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

டூசானின் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். 1952-இல் தொடங்கிய அந்த இடத்துக்குப் பெயர்தான் மியூசியம். உள்ளே பாதி விலங்குக் காட்சி சாலை, பாதி தாவரத் தோட்டம். மலைச்சிங்கம், பிரெய்ரி நாய், தேன்சிட்டு அளவே இருக்கும் ஹம்மிங் பறவைகளுக்கென்று தனிக் கூண்டு. குளிர் மாதங்களில் பருந்து வகைகளைத் திறந்த வெளியில் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். தலைக்கு மேலே உரசிக்கொண்டு போகும். பக்கத்திலேயே சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி; சவாரோ என்பது மரம் போல் உயர்ந்து வளரும் கள்ளி. செடியைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும் குழந்தைகளோடு போனால், டூசான் பக்கம் சாய்வதே சரி என்று தோன்றுகிறது. நான் போனதெல்லாம் பெரியவர்களோடுதான் என்பதால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, பிறகு ஏன் ஃபீனிக்ஸ்? மாலை நேரம். முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

பாலைவனச் செடியைப் பகல் பதினொரு மணிக்குப் பார்ப்பது, அது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும்போது பார்ப்பது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். கள்ளி அப்படிச் செய்தால் இருக்கும் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. பூக்களும் பல இரவுப் பூக்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பூக்கும் சவாரோவின் வெள்ளைப் பூ இருட்டிய பிறகு விரிந்து, மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. இரவில் வௌவால், காலையில் தேனீயும் புறாவும் வந்து போகும். அந்தப் பூவுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

மனிதக் கண்ணுக்கும் மாலைதான் நல்லது. உச்சி வெயிலில் எல்லாக் கள்ளியும் ஒரே சாம்பல் பச்சை. சூரியன் சாய்ந்ததும் முள் ஒவ்வொன்றின் பின்னாலும் வெளிச்சம் விழுகிறது. உருளைக் கள்ளியின் முள் வரிசை பொன்னிறமாகிறது, பின்னால் இருக்கும் பப்பாகோ பாறைக் குன்றுகள் சிவக்கின்றன. இதைப் பார்க்காமல் பாலைவனத் தோட்டம் பார்த்தேன் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃபீனிக்ஸ் தோட்டம் வழக்கமாக இரவு 8 மணி வரை திறந்திருக்கிறது. டெசர்ட் மியூசியம் கோடையின் சில சனிக்கிழமை இரவுகளைத் தவிர, பெரும்பாலும் மாலை 5 மணியோடு மூடிவிடுகிறது. டிசம்பரில் சூரியன் மறைவது ஐந்தரை வாக்கில் என்பதால், டூசானில் வெளிச்சம் அழகாகும் நேரத்தில் வாசலை நோக்கி நடக்க வேண்டியிருக்கும். அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் இல்லை. நவாஹோ பழங்குடியினரின் பகுதி மட்டும் விதிவிலக்கு. அதனால் ஜூனிலும் ஏழே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், எட்டு மணிக்குள் அந்தி வெளிச்சம் கிடைத்துவிடும்.

குளிர் மாதங்களில் மூன்றரை மணிக்கு, ஏப்ரலில் ஐந்து மணிக்கு ஃபீனிக்ஸ் தோட்டத்துக்குள் போகலாம். முதலில் நடுப்பாதை. தளம் போட்டது, சக்கர நாற்காலியும் போகும். முழங்கால் வலியுள்ள மாமாவுக்கு இது பெரிய விஷயம். டெசர்ட் மியூசியத்தில் ஏற்ற இறக்கமும் மண் பாதையும் உண்டு. நடுப்பாதையில் கள்ளிகளுக்கு ஒரு பெரிய கூரைப் பந்தல், மற்ற சதைப்பற்றுச் செடிகளுக்கு இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நம் சதுரக்கள்ளியும் சவாரோவும் ஒரே ஜாதி போலத் தெரியும், ஆனால் வேறு வேறு குடும்பம். கீறினால் பால் வடிவது நம்முடையது. நம் ஊர் வேலியெல்லாம் பிடித்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளிதான் உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அத்தை அதன் முன்னால் வெகு நேரம் நின்றார்.

அப்புறம் சொனோரா பாலைவன மக்களும் தாவரங்களும் என்ற பாதை. இந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான டோஹோனோ ஓதாம் மக்கள், சவாரோவின் உள்ளே விலா எலும்பு போல இருக்கும் காய்ந்த கட்டையையே நீண்ட கம்பாகக் கட்டி, உச்சியில் பழுக்கும் பழத்தைத் தட்டி எடுப்பார்கள். முதல் கிளை விடவே ஐம்பது, எழுபத்தைந்து ஆண்டு எடுக்கும் மரம் அது. கடைசியாக மேட்டுப் பாதையில் ஏறி, அங்கே சூரிய அஸ்தமனம். மார்ச்சில் போனால் காட்டுப்பூப் பாதையை இதற்கு முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாதம் பலவீனமாகும் காலம் ஒன்று உண்டு: ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. ஃபீனிக்ஸின் கான்கிரீட் பகல் வெப்பத்தை இரவிலும் வைத்துக்கொள்கிறது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. இரவும் குளிராததால் சவாரோக்கள் மூச்சுவிட முடியாமல் கிளை உதிர்த்தன, சில அடியோடு சாய்ந்தன. டூசான் ஃபீனிக்ஸைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் அதிக உயரத்தில் இருப்பதால் சில டிகிரி குறைவு. நடுக்கோடை மாலையில் ஃபீனிக்ஸ் தோட்டத்துக்கு நான் போனதில்லை. அந்த மாதங்களில் வருகிறவர்கள் காலையில் திறந்தவுடனே போவதுதான் நல்லது, அல்லது டூசான்.

மூன்றாவதாக, ஃபீனிக்ஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் சுப்பீரியர் ஊரருகே பாய்ஸ் தாம்ப்சன் தோட்டம். அரிசோனாவின் மிகப் பழைய தாவரத் தோட்டம் அது. ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் வரை உலகப் பாலைவனங்களின் மரங்கள் எல்லாம் உண்டு. நவம்பர் கடைசியில் இலை நிறம் மாறும்போது அருமை. ஆனால் மாலைக்கு அங்கேயும் வழியில்லை, கோடையில் பிற்பகலிலேயே மூடிவிடுகிறார்கள்.

எங்கே போனாலும் தண்ணீரோடு ஒரு சீப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். 'டெடி பேர்' என்று பெயர் வைத்திருக்கும் கள்ளியின் துண்டு காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது. சீப்பைக் கொடுத்து நெம்ப வேண்டும்.

ஃபீனிக்ஸுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் அந்தத் தேதியின் மூடும் நேரத்தைப் பாருங்கள். டிசம்பர் விளக்கு விழா போன்ற தனி டிக்கெட் நிகழ்ச்சிகள் இருக்கும் நாட்களில் மற்றவர்களுக்குச் சீக்கிரமே மூடிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட நாளாக இருந்தால் தேதியை மாற்றுங்கள், அல்லது விழா டிக்கெட்டையே வாங்கிவிடுங்கள்.