மஞ்சள் இலை நோய்: ரகத்தை மாற்றுவதா, விதைக்கரும்பை மாற்றுவதா?

கோ 86032 ரகக் கரும்பு வயலில் ஏழாம் மாதம் தோகையின் நடு நரம்பு மஞ்சளாகத் தெரிந்தாலே, "இந்த ரகம் ஓய்ஞ்சு போச்சு, வேற ரகத்துக்கு மாறுங்க" என்ற யோசனைதான் முதலில் வரும். கையில் இருப்பவை மூன்று வழிகள். அதே ரகத்தில் பக்கத்து வயல் கரணையை (விதைக்கு வெட்டிய கரும்புத் துண்டை) வாங்கி மறுபடி நடலாம். கோ 11015, கோவி 09356 போன்ற பிந்தைய ரகத்துக்குப் போகலாம். இல்லையென்றால் கோ 86032-ஐயே வைத்துக்கொண்டு, நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புச் செடியிலிருந்து விதையைப் புதிதாகத் தொடங்கலாம். என் ஓட்டு மூன்றாவதற்கு.

முதல் வழியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. மஞ்சள் இலை நோயை உண்டாக்கும் நச்சுயிரி (வைரஸ்) ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் கரணையில்தான். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அதை வயலுக்குள்ளும் அடுத்த வயலுக்கும் பரப்புகிறது. நோய் உள்ள தூரில் வெட்டிய கரணை நோயோடுதான் முளைக்கும். வெந்நீரில் நனைத்தாலும் போகாது. 50 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் வைப்பது மறுதாம்புக் குட்டை நோய்க்கு உதவும். சாறுக் குழாய்த் திசுவுக்குள் உட்கார்ந்திருக்கும் இந்த நச்சுயிரியை அது அசைக்காது.

ரகத்தைக் குறை சொல்லும் முன், வந்திருப்பது மஞ்சள் இலை நோய்தானா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து மூன்றாவது முதல் ஆறாவது தோகை வரை திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடு நரம்பு மட்டும் பளிச்சென்று மஞ்சளாக, இரு பக்கத் தகடும் பச்சையாக இருந்தால் இதுதான் தொடக்கம். பிறகு மஞ்சள் தகட்டுக்குப் பரவும், நுனியிலிருந்து காயும், மேல் கணுக்கள் குறுகி உச்சித் தோகைகள் கொத்தாக நெருங்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்துக் குறைந்தால் இளம் தோகையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருக்கும்; இரும்பு சல்பேட் தெளித்தால் பச்சை திரும்பும். தழைச்சத்துக் குறைவில் அடித்தோகை முழுவதுமாக வெளுக்கும். இந்த இரண்டையும் நச்சுயிரி என்று நினைத்து ரகத்தை மாற்றியவர்களும் உண்டு. நோய் அறிகுறி ஐந்து, ஆறு மாதத்துக்கு மேல்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், மூன்று மாதப் பயிரைப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று கரணைக்கு முன்பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இனி ரக எதிர்ப்புத் திறன். இந்தச் சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒரு ரகத்தில் நச்சுயிரி நுழைந்தாலும் பெருகாது, அது எதிர்ப்பு. இன்னொரு ரகத்தில் நச்சுயிரி தாராளமாகப் பெருகும், ஆனால் தோகை பச்சையாகவே இருக்கும், அது தாங்குதிறன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நச்சுயிரியையே தேடிக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை செய்தால்தான் வித்தியாசம் தெரியும். தாங்குதிறன் ரகத்தை நட்டவருக்கு உடனடி நஷ்டம் பெரிதாக இருக்காது. ஆனால் அந்த வயலில் பெருகும் அசுவினி பக்கத்து வயலுக்கு நோயைச் சுமந்து போகும்.

உண்மையான எதிர்ப்பு கரும்பில் இல்லாமல் இல்லை. காட்டுக் கரும்பான சக்கரம் ஸ்பான்டேனியத்தில் இந்த நச்சுயிரி அரிது. தடித்த பழைய கரும்பினமான சக்கரம் அஃபிசினேரத்தில் சாதாரணம். எம்கியூ 76-53 என்ற ரகத்தில் ரைல்1 என்று பெயரிட்ட வலுவான எதிர்ப்புக் கூறு ஒன்றை 2012-இல் பதிவு செய்தார்கள். எதிர்ப்பு இல்லாத ரகம் எப்படி விழும் என்பதற்கு பிரேசிலின் எஸ்பி 71-6163 உதாரணம்: 1990-களில் சாவோ பாலோ மாநிலத்தில் அந்த ரகம் இந்த நோயால் கடுமையாக அடிபட்டு, சாகுபடியிலிருந்தே ஒதுக்கப்பட்டது. ஆக, ரகத்தை மாற்றுவது முட்டாள்தனமான வழி அல்ல. கேள்வி, இங்கே ஆலை கொடுக்கும் மாற்று ரகம் அந்த வகை எதிர்ப்போடு வருகிறதா என்பதுதான்.

இங்கேதான் விதையின் வயது குறுக்கே வருகிறது. கோ 62198-ஐயும் கோசி 671-ஐயும் சேர்த்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய கோ 86032, வெளியான புதிதில் இந்த நோய்க்குப் பேர்போன ரகம் அல்ல. இந்தியாவில் இந்த நோய் பதிவானதே 1999-இல்தான். அதன் பின் வருடக்கணக்காக ஆலைக்கு வெட்டும் வயலிலேயே கரணையும் எடுத்து, எடுத்த கரணையையே திரும்பத் திரும்ப நட்டதில் நச்சுயிரி சேர்ந்துகொண்டே வந்தது. "ரகம் தேய்ந்துவிட்டது" என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். புதிய ரகம் பச்சையாக நிற்பதற்கும் பாதிக் காரணம், அதன் விதை ஆராய்ச்சி நிலையத்தைவிட்டு வந்து நாலைந்து நடவுகூட ஆகாததுதான். இருபது வருடம் சுற்றிய கோ 86032 கரணையையும் நேற்று வந்த ரகத்தின் கரணையையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டுவிட்டு, ரகத்துக்கு ரகம் ஒப்பிட்டதாகச் சொல்ல முடியாது. கோ 86032-இன் நச்சுயிரி நீக்கிய நாற்றை அந்தப் புது ரகத்துக்குப் பக்கத்தில் நட்டுப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

புது ரகத்துக்கு ஒரு சாதகம் உண்டு. கோ 11015 குறைந்த வயதில் சர்க்கரை கட்டும் ரகம். பத்து மாதத்தில் வெட்டுக்குப் போனால், நோய் முற்றிக் காட்டும் கடைசி மாதங்கள் அதற்கு இல்லாமல் போகின்றன. ஆனால் ஆலையின் வெட்டு உத்தரவு அந்த மாதத்திலேயே கிடைக்க வேண்டும். தள்ளிப்போனால் அந்தச் சாதகமும் போச்சு. அதோடு, கட்டையில் இருக்கும் நச்சுயிரி, அதிலிருந்து துளிர்க்கும் அடுத்த பயிரான மறுதாம்புக்கு அப்படியே ஏறும். மூன்றாம், நான்காம் மறுதாம்பில் கோ 86032 எப்படி நடந்துகொள்ளும் என்பது பலருக்கும் அத்துப்படி; பிந்தைய ரகங்களில் அந்த அளவு அனுபவம் இன்னும் சேரவில்லை.

மூன்றாவது வழிக்கு வருவோம். திசு வளர்ப்பு நாற்று என்றாலே நச்சுயிரி இல்லாத நாற்று என்று பொருளில்லை. நுனி வளர்திசுவை மிகச் சிறிதாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுத்து வளர்த்தால்தான் நச்சுயிரி கழியும். கணுப்பருவை (கணுவில் உள்ள முளை மொட்டை) பெரிதாக எடுத்து வளர்த்தால் நோயையும் சேர்த்தே பெருக்குவோம். எனவே நாற்று வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: தாய்ச் செடிகளை ஆர்டி-பிசிஆர் செய்த அறிக்கை இருக்கிறதா? அறிக்கை இல்லையென்றால் அந்த நாற்றும் சந்தைக் கரணையும் எனக்கு ஒன்றுதான்.

ஏக்கர் முழுக்கத் திசு வளர்ப்பு நாற்று வாங்க வேண்டியதில்லை. 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 5,000 நாற்று என்றால், 10 சென்ட் விதைப் பாத்திக்கு 500 போதும். முதல் நடவில் இந்த நாற்றுகள் தூர் அதிகம் கட்டி, தண்டு மெலிந்து நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்து ஆலைக்கு அனுப்பிவிடக் கூடாது. அது விதைக்கான பயிர். தூருக்கு 8 கரும்பு, கரும்புக்கு 10 நல்ல பரு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 40,000 பரு. இரு பரு கரணையாக நட்டால் ஏக்கருக்கு 30,000 கரணை, அதாவது 60,000 பரு வேண்டும். 40,000 பரு முக்கால் ஏக்கருக்குக்கூடத் தேறாது. பருவை மட்டும் சீவி, பருசீவலாக எடுத்துக் குழித்தட்டில் நாற்று விட்டால், ஐந்தில் ஒரு பங்கு முளைக்காமல் போவதாக வைத்தாலும் 6 ஏக்கர் நடலாம். இந்த வழியின் செலவு கட்டுப்படியாவதே பருசீவல் நாற்றால்தான். கரணை நடவை விடமாட்டேன் என்பவர் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

பாத்தியைப் பழைய மறுதாம்பு வயலை ஒட்டிப் போட வேண்டாம். பக்கத்தில் சோளம் இருந்தாலும் கவனம் தேவை. கரும்பு அசுவினியான மெலனாஃபிஸ் சக்கரி சோளத்திலும் வாழும். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் கம்பளி அசுவினியைத் தேடிக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள். இது வெளிர் மஞ்சளாக, சிறியதாக, முதிர்ந்த தோகையின் அடியில் கூட்டமாக இருக்கும். கீழ்த்தோகையில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் எறும்பும் தெரிந்தால் மேல்தோகையைத் திருப்பிப் பாருங்கள்.

கரும்பின் இன்னொரு நச்சுயிரி நோயான மொசைக்குக்கு மருந்தடிப்பது வீண். அசுவினி சில நொடி குத்தினாலே அந்த நச்சுயிரி ஏறிவிடும், மருந்து வேலை செய்யும் முன் காரியம் முடிந்திருக்கும். மஞ்சள் இலை நச்சுயிரி அப்படியல்ல. அசுவினி நீண்ட நேரம் சாறு உறிஞ்சி, அது அதன் உடலுக்குள் சுற்றி வந்த பிறகே அடுத்த செடிக்குப் போகும். அதனால் 10 சென்ட் விதைப் பாத்தியில், இளம் பருவத்தில், அசுவினியைக் கட்டுப்படுத்துவதற்குப் பலன் உண்டு. ஆள் உயரம் தாண்டிய வணிக வயலில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. அங்கே ஐந்தாம், ஏழாம் மாதம் சோகை உரித்து அசுவினி அடையும் அடித்தோகையைக் குறைப்பதே முடிந்த காரியம். வெட்டுக் கத்தியைக் கழுவுவது வேறு நோய்களுக்கு நல்லது. இந்த நச்சுயிரி கத்தியில் ஒட்டிப் பரவாது.

ஐந்தாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்திக்குள் நடந்து, நடு நரம்பு மஞ்சளான தூரைக் கட்டையோடு தோண்டி எடுங்கள். மேலாக வெட்டிப் போட்டால் துளிர்த்து வந்து மறுபடி பரப்பும். ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் விதை எடுத்துவிட வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் இது: சுத்தமான விதை நிரந்தரமாகச் சுத்தமாக இராது. சுற்றிலும் நோய் வயல் இருந்தால் அசுவினி மறுபடி கொண்டுவரும். எவ்வளவு வேகமாக என்பது அந்த வட்டாரத்தைப் பொறுத்தது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை 10 சென்ட் பாத்தியைப் புதிய நாற்றில் தொடங்கத் தயாராக இருந்தால்தான் இந்த வழி சரிவரும். அந்த வேலையைச் செய்ய ஆளில்லாதவருக்கு ரகம் மாற்றுவதே சுலபம், சில வருடத்துக்காவது.

வயலில் செவ்வழுகல் நோய் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தள்ளிவைக்க வேண்டியதுதான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது செவ்வழுகலைத் தாங்கும் ரகம். மஞ்சள் இலை மட்டும்தான் தொல்லை என்றால், நடவுப் பயிரை வெட்டும் முன் வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து தூர்களை எண்ணுங்கள். நாலில் ஒன்றுக்கு மேல் மஞ்சள் என்றால் நான் மறுதாம்பு விடமாட்டேன். கட்டையைப் பறித்துவிட்டு, அந்த இடத்துக்கு நாற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன்.